அஞ்சு நிமிஷ ஸ்டார்ட் வண்டியைக் காக்காது

‘வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க.’ பழைய கார் வைத்திருப்பவர்கள் கோவை காந்திபுரத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த யோசனை கிடைக்கும். கூடவே இன்னும் சில வரும்: நம்ம ஊரில் குளிர்காலமே கிடையாது, தார்ப்பாய் போட்டு மூடினால் போதும், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தினால் பத்திரம், தை மாதம் செல்ஃப் எடுக்காவிட்டால் நாலு பேர் தள்ளினால் ஓடிவிடும். சொல்கிறவர்கள் இயந்திரம் அறியாதவர்கள் அல்ல. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. பார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் ஊரும் இதுதான். கோவைக்காரர் வண்டியைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அதனாலேயே இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

எம்.ஜி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்கள் நம்மிடையே மிகக் குறைவு. ஆனால் 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர், டிரையம்ப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்த வண்டி. அந்த ஹெரால்டைச் சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் இங்கேயே செய்து விற்றது. வீட்டில் ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் எது நின்றாலும் கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் குளிர்காலம். உறைபனி கொட்டும் நாட்டின் அச்சம் நமக்கு இல்லை என்பது சரிதான். ரேடியேட்டர் உறைந்து பிளாக் வெடிக்காது, சாலையில் உப்புக் கொட்ட மாட்டார்கள். ஆனால் வண்டியை அழிப்பது குளிர் அல்ல, ஈரம். கோவையின் ஆண்டு மழையில் கணிசமான பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து மார்கழிப் பனி. பகலில் 30 டிகிரி, விடியற்காலையில் 20க்குக் கீழே. பெட்ரோல் டேங்க், கியர் பாக்ஸ், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று உள்ளே காற்று இருக்கும் இடமெல்லாம் இரவில் குளிரும்போது வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு, அதன் ஈரத்தை உட்சுவரின்மேல் துளியாக விடுகிறது. நம் ஊரில் வண்டிக்கு ஆபத்தான காலம் ஐப்பசி முதல் தை வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஐந்து நிமிடம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் போகாது. ஒரு பகுதி சைலன்சருக்குள்ளேயே தங்கி அதை உள்ளிருந்து அரிக்கும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் சேம்பருக்குள் இறங்கும். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு அதே சேம்பருக்குப் போகிறது. இரண்டு மாதம் இப்படி வாராவாரம் ‘காப்பாற்றப்பட்ட’ வண்டியின் ஆயில் மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். மூடியின் அடியில் வெளிர் மஞ்சளாக, வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். ஆயிலும் தண்ணீரும் கலந்து அடித்த கூழ் அது. பேரிங்குகள் அந்த ஆயிலில்தான் சுற்ற வேண்டும்.

டெம்பரேச்சர் முள் நடுவில் வந்துவிட்டதே என்பார்கள். அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நின்ற இடத்தில் ஐடிலில் ஓடினால் இன்னும் தாமதம்.

பேட்டரி ஏறும் என்ற வாதம் இதைவிடப் பலவீனம். அறுபதுகளின் வண்டிகள் பலவற்றில் இருப்பது ஆல்டர்னேட்டர் அல்ல, டைனமோ. ஐடிலில் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்தாலே தெரியும். செல்ஃப் எடுத்துக்கொண்ட மின்சாரம் திரும்பி வராது. வாரத்துக்கு வாரம் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மார்கழி முடிவில் செத்துவிடும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மெதுவாக ஏற்றும் சின்ன சார்ஜரில் அவ்வப்போது போடுவதே வழி. கழற்றும்போது முதலில் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். ‘எப்பவும் நெகடிவ்தான்’ என்று கை வைக்காதீர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

வாராவாரம் ஸ்டார்ட் செய்யச் சொல்லும் பேச்சில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை: சுழலாத இயந்திரம் கெட்டுப்போகும். ஆனால் சுழல வைப்பது என்றால் ஓட்டுவது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தி ரோட்டைப் பிடித்து அன்னூர் வரை போய்த் திரும்புங்கள். ஆயில் கொதிக்கச் சூடேறும், சைலன்சர் காயும், டைனமோ வேலை செய்யும், பிரேக் டிரம்மில் துரு பிடிக்காது. அதற்கு நேரம் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். நடுவில் எதுவும் கிடையாது.

பெட்ரோலில் நம் தாத்தாக்கள் சொன்னது இன்று போதாது. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் படியும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நிறுத்தும் முன் டேங்கை நிரப்பிவிடுங்கள், காற்றுக்கு இடம் குறையும். கார்புரேட்டரை மட்டும் காலி செய்துவிடுங்கள். அதில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிப் போக, மிஞ்சும் பிசின் ஜெட்டுகளை அடைத்துவிடும். ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது செலவுதான். ஆனால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் ஒழுகினால் வண்டியே மிஞ்சாது.

தார்ப்பாய் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. காந்திபுரத்துக் குறுக்குத் தெருக்களில் பல வீடுகளில் வண்டி நிற்பது தகரக் கொட்டகையில். சாரல் அடிக்கும் என்று பிளாஸ்டிக் தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். தரையிலிருந்து எழும் ஈரம் போக இடமில்லாமல் பெயின்ட்டின்மேல் நிற்கிறது. கதவின் அடிப்பகுதி முதலில் கொப்பளிக்கும். காற்றோட்டமுள்ள பருத்தித் துணிக் கவர் போடுங்கள், மழை படாத இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியை விரல் அளவு இறக்கி வையுங்கள். ஆனால் எலிக்கு வழி விடக்கூடாது: சைலன்சர் வாயிலும் ஏர் கிளீனர் வாயிலும் கம்பி வலையைச் செருகி, எடுக்க மறக்காமல் இருக்க ஸ்டியரிங்கில் சீட்டு கட்டுங்கள். ஒரே இரவில் எலி ஒயரிங் முழுவதையும் கடித்துவிடும்.

ஹேண்ட் பிரேக் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். டயரில் காற்றை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். ஆயிலை நிறுத்தும் முன்பே மாற்றுங்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலம் இருக்கும், அது மூன்று மாதமும் பேரிங்கைத் தின்னும்.

கடைசியாக, தள்ளி ஸ்டார்ட் செய்வது. மாதக்கணக்கில் நின்ற இன்ஜினில் ஆயில் முழுக்கக் கீழே வடிந்திருக்கும். சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். அதைக் கியரில் போட்டு, நாலு பேர் ஓடி, கிளட்ச்சைப் படாரென்று விட்டால், முதல் சில சுற்றுகளிலேயே ரிங்கும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் அங்கேயே நிறுத்திப் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள். தடையில்லாமல் சுற்றினால், பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி ஆயில் பிரஷர் வருகிறதா என்று பாருங்கள். பிரஷர் வந்த பிறகுதான் பிளக், அதன் பிறகுதான் ஸ்டார்ட்.

தள்ளுவதில் இன்னொரு ஆபத்து, இது மனிதருக்கு. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டர் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம், ஒழுகியிருக்கலாம். தெருவில் ஓட ஆரம்பித்த வண்டி நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. தை பிறந்து வண்டியை வெளியே எடுக்கும்போது, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மகிழும் முன் பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். அது தரை வரை போனால், கேட்டைத் திறக்காதீர்கள்.