அஞ்சறைப் பெட்டியும் நச்சுப் புட்டியும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்தோபர்த் திங்கள்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இருபதின் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து அகவையும் நிரம்பாதவர். அவர்களுக்கு வந்த நோய் கொடுநோய் அன்று. மழைக்காலத்தில் எல்லா வீட்டுக் குழந்தைகளுக்கும் வருகின்ற இருமல், சளி, காய்ச்சல் ஆகியனவே அவை. குழந்தைகளைக் கொன்றது நோயன்று. நோய் தீருமென நம்பி ஊட்டிய இருமற் பாகு. அப்பாகு செய்யப்பெற்ற இடம் தமிழகத்தின் காஞ்சிபுர மாவட்டம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில், அப்பாகில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு கலந்திருந்தமை வெளிப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் புட்டி நஞ்சு!

இக்கொடுமை புதியதும் அன்று. 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சில் கரைத்து விற்ற மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே அந்நாட்டில், மருந்தை விற்குமுன் அதன் தீங்கின்மையை மெய்ப்பித்தாக வேண்டும் என்னும் சட்டம் 1938இல் எழுந்தது. 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதின் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று இறந்தபோது, இந்தியாவிலிருந்து சென்ற பாகுகளைக் குறித்து உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. மருந்துக்குரிய தூய கரைப்பானுக்கு மாற்றாக, தொழிற்சாலைகளில் புழங்கும் மலிவான நீர்மம் புகுவதும், புகுந்ததை ஆய்ந்து பாராமல் புட்டியில் அடைப்பதுமே இச்சாவுகளின் கரணியம். நஞ்சும் இனிக்கும், பாகும் இனிக்கும். குழந்தையின் நாக்கு வேறுபாடு அறியுமோ?

பாகு செய்தவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஆய்வின்றி உரிமம் நீட்டித்த கைகளையும் அது பார்க்கட்டும். ஆனால், தமிழர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மூன்று நாளில் தானே தணியத்தக்க குழந்தை இருமலுக்கு, ஒரு தாயின் கை அஞ்சறைப் பெட்டியை விட்டு மருந்துக் கடைக்கு நீண்டது எப்பொழுது? சுக்கும் மிளகும் உலகிற்கு ஈந்த நிலத்தில், இருமலுக்கு வண்ணப் பாகு வாங்குவதே நாகரிகம் என்னும் எண்ணம் எவ்வாறு வேரூன்றியது?

அறநூலுக்கே மருந்தின் பெயரைச் சூட்டியவர் தமிழர். பதினெண் கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்துப் பெயர் பூண்டவை. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் உடல்நோய் நீக்குதல் போல், செய்யுள்தோறும் கூறும் மும்மூன்று கருத்துகள் உளநோய் நீக்கும் என்று நல்லாதனார் தம் நூலுக்குத் திரிகடுகம் எனப் பெயரிட்டார். காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களின் பெயரால் அமைந்தது. அவ்வைந்தனுள் ஒன்றாகிய கண்டங்கத்தரி இன்றும் இருமலுக்கும் இரைப்புக்கும் வழங்கும் மருந்து. ஏலாதியோ ஏலம் முதலாய ஆறு பொருள்களின் கூட்டு. படிப்போர் எல்லாரும் அம்மருந்துகளை வீட்டிலேயே கண்டிருந்தாலன்றி இவ்வுவமைகள் விளங்கியிரா. அன்றைய அடுக்களையில் இவை உப்பும் புளியும் போல் இருந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் முதல் ஏழனை உணவின் அளவுக்கே ஒதுக்கி, எஞ்சிய மூன்றனையே மருத்துவனுக்கும் மருத்துவ முறைக்கும் வைத்தார். உணவு முன், மருந்து பின் என்பது தமிழரின் முறை.

மிளகையே எடுத்துக்கொள்க. முசிறித் துறைக்கு யவனர் மரக்கலங்களிற் பொன்னைக் கொணர்ந்து தந்து, மிளகை ஏற்றிச் சென்றமையை அகநானூறு காட்டுகிறது. இன்று காரத்துக்கு வழங்கும் மிளகாய், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். மிளகைப் போல் காரம் உடைமையால் அதற்கு மிளகின் பெயரையே தமிழர் இட்டனர். அதற்கு முன்னர்த் தமிழரின் காரம் மிளகும் இஞ்சியுமே. சளி கண்ட நாளில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுப் புளி கரைத்துக் கொதிக்கும் முன் நுரை கூடி இறக்கும் மிளகுச்சாறு, ஆறாமல் குடித்தால் அடைத்த மூக்கைத் திறக்கும். உலர்ந்த தொண்டையை நனைக்கும். கொங்கு நாட்டார் அதனைக் கொள்ளுச் சாறாக வைப்பர். கடற்கரையார் நண்டை இடித்துச் சாறு வைப்பர். வேறு பல ஊர்களில் நாட்டுக்கோழி எலும்பில் மிளகு மிகுத்துச் சாறு வைப்பர். நிலத்துக்கு நிலம் பொருள் மாறினும் கருத்து ஒன்றே: காரமும் வெப்பமும் நீரும் ஒருசேர உட்செல்லல் வேண்டும். இந்த மிளகுத் தண்ணீரைத்தான் ஆங்கிலேயர் 'முல்லிகட்டானி' எனத் தம் மொழியிலே ஏற்றித் தம் நாட்டு உணவுவிடுதிப் பட்டியல்களிலும் எழுதினர். அவர்கள் பெயரையும் சேர்த்துக் கொண்டு சென்றனர். தமிழரோ சாறு என்னும் பெயரையே மறந்து 'ரசம்' என்றனர்; இன்று அதனையும் பொடிப் பொட்டலத்திற் கரைக்கின்றனர்.

வேலியில் நிற்கும் ஆடாதொடையின் கதை இன்னும் வியப்பானது. இலினேயசு என்னும் சுவீடன் நாட்டு நிலைத்திணை அறிஞர் 1753இல் அச்செடிக்கு அறிவியற் பெயர் வைத்தபோது, 'அதாதொடா' என்னும் சொல் அப்பெயரில் அமைந்தது. தமிழ்ச்சொல்லின் சாயல் அதில் மறையாமல் நிற்கிறது. அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே 1960களில் செருமானிய ஆய்வாளர் புரோம்எக்சின் என்னும் சளியிளக்கும் மருந்தை ஆக்கினர். அதிலிருந்து அம்பிராக்சால் பிறந்தது. இன்று மருந்துக் கடைகளில் விற்கும் சளிப் பாகுகள் பலவற்றில் இவ்விரண்டனுள் ஒன்று உண்டு. வேலியோரத்துச் செடியை வெட்டி எறிந்துவிட்டு, அதன் வழிவந்த பொருளைப் புட்டியில் அடைத்து விலைக்கு வாங்கும் மக்களை என்னென்பது!

தேனின் நிலையும் அதுவே. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருமலுற்ற 105 சிறாரிடம் நடந்த ஆய்வில், இரவு இருமலைத் தணிப்பதில் தேன் முன்னின்றதாகப் பெற்றோர் மதிப்பிட்டனர். 2018இல் இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டு நிறுவனம் புதிதாய்த் தோன்றும் இருமலுக்குத் தேனையும் ஒரு தீர்வாக எழுதி வைத்தது. அவ்விருமலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெரும்பாலும் வேண்டா என்றும் கூறிற்று. பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்ட தமிழ்த்தாயின் செயலுக்கும் பொருள் உண்டு. மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளிலுள்ள குர்க்குமின் குருதியிற் சேர்வதைப் பன்மடங்கு உயர்த்துவதை 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. காரணம் எழுதி வைக்காவிடினும், கைப்பழக்கத்தில் அறிவு இருந்தது. அவ்வறிவைப் போற்றாதார் அதனை இழப்பர். மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கே 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பெற்றதும், இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய ஏடுகளைச் சான்று காட்டி வழக்காடி 1997இல் அதனை நீக்கியதும் யாவரும் அறிந்தவை. அன்று காத்தது எழுத்துச் சான்று. எழுதப்படாமல் பாட்டியரோடு மறையும் அறிவுக்கு எந்தச் சான்றைக் காட்டுவது?

இங்கேதான் மொழியும் மருந்தும் ஒன்றாகின்றன. பெயர் மறந்த செடி, கண்முன் நின்றாலும் களையே. தென்மாவட்டத்து முதியோர் வாயில் இன்னும் வழங்கும் 'தடுமன்' என்ற சொல்லையும், 'நீர்க்கோவை' என்ற சொல்லையும் 'சலதோசம்' தள்ளிற்று. அதனையும் இன்று ஆங்கிலச் சொல் தள்ளிவிட்டது. ஈளை, இரைப்பு, குக்கல், கோழை, கக்குவான் என்று இருமலின் வகைக்கொரு பெயர் வைத்திருந்த மக்கள், இன்று எல்லாவற்றையும் ஒரே அயற்சொல்லால் குறிக்கின்றனர். பெயர் பலவாக இருந்தபோது, வறட்டிருமலுக்குப் பனங்கற்கண்டும் பாலும், கோழை கட்டிய இருமலுக்குத் தூதுளையும் மிளகும், தொண்டைக் கரகரப்புக்குச் சித்தரத்தைத் துண்டும் எனத் தாய் தேர்ந்து கொடுத்தாள். பெயர் ஒன்றாகியபோது மருந்தும் ஒரே புட்டியாகிவிட்டது. குடிநீர் 'கசாயம்' ஆகி, இளகம் 'லேகியம்' ஆகி, இறுதியில் இரண்டுமே இழிவாகிவிட்டன. சொல்லை இழப்பது எழுத்தாளனுக்கு மட்டும் நேரும் இழப்பன்று; நள்ளிரவில் இருமும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கும் அது நேரும் இழப்பு.

இதனால், வீட்டு மருந்தே எல்லா நோயும் தீர்க்கும் என்று கூறுவார் கூற்றையும் ஏற்றலாகாது. அளவறியாப் பெருமிதம் மரபுக்குச் செய்யும் தீங்கு, பகைவர் செய்யும் தீங்கினும் பெரிது. இருமல்களுள் மிகப் பல நச்சுயிரியால் வருவன. உடல் தானே அவற்றை வெல்லும். அடுக்களை மருந்து அந்நாள்களின் துன்பத்தைத் தணிப்பது. அதன் பணி அவ்வளவே, அதுவே பெரும்பணி. இரண்டு கிழமைக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளியாய்வு வேண்டும். என்புருக்கி நோயைச் சுக்குநீர் தீர்க்காது. சளியிற் குருதி காணினும், உடல் மெலியினும், மூச்சு வாங்கினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். இரண்டு திங்கள் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தை மணித்துளிக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சிழுத்தாலும், ஒன்று முதல் ஐந்து அகவைக் குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சிழுத்தாலும், விலா குழிய மூச்சுவிட்டாலும் அது நுரையீரல் அழற்சியாகலாம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதை அப்பருவத்துக் குடலில் முளைத்து நரம்பை முடக்கும். கருவுற்ற மகளிர்க்கு ஆடாதொடை ஆகாது. குருதியழுத்தம் மிக்கார் அதிமதுரத்தை நாளும் உண்ணல் ஆகாது. இவற்றை அறிந்து சொல்வதே மரபைக் காப்பது.

மற்றொரு கூட்டமும் உண்டு. மரபு என்னும் சொல்லுக்கு விலை வந்துவிட்டதென அறிந்த வணிகர், சருக்கரைப் பாகில் துழாய் மணம் ஏற்றிப் 'பாட்டி மருந்து' என விற்கின்றனர். புட்டியில் அடைத்து விற்கும் எதற்கும் ஆய்வு வேண்டும். அது பச்சிலைப் பாகாயினும் வேண்டும். ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமற் பாகு பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதன்று என்றும், இரண்டு அகவைக்குட்பட்டார்க்குக் கொடுக்கவே கூடாதென்றும் 2025 அக்தோபரில் இந்திய நடுவணரசின் நலவாழ்வுத் துறை அறிவுறுத்தியது. சிறு பாடைகள் பல சென்ற பின்னர் வந்த அவ்வறிவுரை, பேரன் இருமினால் கடைக்கு ஓடாமல் மிளகைத் தட்டிய பாட்டியின் பொறுமைக்கு இன்று சான்றாகிறது.

செய்யத்தக்கன எளியவை. தூதுளை, ஓமவல்லி, ஆடாதொடை, துழாய் ஆகிய நான்கும் வேலியோரத்திலோ மாடித் தொட்டியிலோ வளர்வன, பெருநிலம் கேளாதன. பள்ளித் தோட்டந்தோறும் இவை பெயர்ப் பலகையோடு நிற்றல் வேண்டும். பலகையில் தமிழ்ப்பெயர் முதலில் இருத்தல் வேண்டும். தூதுளை இலையின் முள்ளை அகற்றி, நல்லெண்ணெயில் வதக்கி, மிளகும் உளுந்தும் கூட்டித் துவையல் அரைக்க மகளும் மகனும் கற்றல் வேண்டும். அடுக்களை பெண்ணுக்கு மட்டும் உரியதென எண்ணும் பழமை இதனோடு ஒழியட்டும். வீட்டு முதியோர் சொல்லும் மருந்துணவுகளைப் பொருள், அளவு, ஆகாதார் யார் என்பவற்றோடு ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அரசு, மருந்தாலைகளின் ஒவ்வோர் ஆக்கத் தொகுதியையும் விற்குமுன் ஆய்ந்தாக வேண்டும். காஞ்சிபுரத்தின் பெயருக்கு நேர்ந்த கறை வேறெவ்வாற்றானும் நீங்காது.

பத்து மிளகிருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது பழமொழி. இன்று பகைவன் வீட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. அழகிய புட்டியில், இனிக்கும் சுவையில் அவன் வீட்டுக்கே வந்து சேர்கிறான். அஞ்சறைப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த கையும், எந்த நோய்க்கு மருத்துவனை நாட வேண்டும் என்றறிந்த மதியும் ஒருங்கே அமைந்த வீட்டில் அவனுக்கு இடமில்லை. தமிழர் வீடு அத்தகைய வீடாகுக!