வாயிற்காவல் மட்டும் போதுமா?

கணனிப் பாதுகாப்பு என்றவுடன் கோட்டையையும் மதிலையும் உவமை காட்டுவது வழக்காகிவிட்டது. மதில் உறுதியாயின் உள்ளே அச்சமில்லை என்பதே அவ்வுவமையின் உட்கிடை. பாதுகாப்புச் சோதனைக்குப் பணம் ஒதுக்குவோருட் பலர் இக்கருத்தைத் தழுவி, வெளியிலிருந்து உட்புக வழியுண்டா என வினவுவதோடு அமைந்துவிடுகின்றனர். உட்புகுந்த சாதாரணப் பயனர் ஒருவர் அக்கணனி முழுவதற்கும் அதிபதியாகிவிட இயலுமா என்பதை அவர்கள் வினவுவதில்லை. இவ்வினாவைத் தவிர்க்கும் சோதனை அரைச் சோதனையே ஆகும்.

யுனிக்ஸ் மரபில் வந்த பணிசெயல் முறைமைகளில் 'றூட்' எனப்படும் மேலாளருக்குத் தடையென்பது இல்லை. ஏனையோர் தத்தமக்கு அளிக்கப்பட்ட எல்லைக்குள் அடங்கியவர்கள். ஆயினும், சாதாரணப் பயனர் தமது கடவுச்சொல்லை மாற்ற விரும்பின், மேலாளருக்கே உரிய கோப்பொன்று திருத்தப்படல் வேண்டும். இவ்விடர்ப்பாட்டுக்கு டெனிஸ் றிச்சி ஒரு தீர்வு கண்டார். குறித்த செய்நிரலை எவர் இயக்கினும், அது தன் உரிமையாளரின் அதிகாரத்துடனேயே இயங்கும். 'செற்யூஐடி' எனப்படும் இம்முறைக்கு 1979 இல் அமெரிக்கக் காப்புரிமம் வழங்கப்பட்டது. முறை பயனுடையதே. எனினும், அதிகாரம் இரவலாகக் கொடுக்கப்படும் இவ்விடத்திற் செய்நிரலில் ஒரு பிழை நேரின், இரவல் வாங்கியவரிடமே அதிகாரம் தங்கிவிடும்.

இது வெறும் ஐயமன்று. 'சூடோ' என்னும் செய்நிரலில் 2011 இற் புகுந்த பிழையொன்று 2021 ஜனவரியிலேயே வெளிப்படுத்தப்பட்டது. சூடோவைப் பயன்படுத்த அனுமதி பெறாத பயனரும் அதனால் மேலாளராக முடிந்தது. 'பீகேஎக்ஸெக்' என்னும் செய்நிரலில் 2009 முதல் இருந்த பிழை 2022 இலும், லினக்ஸின் கருவில் 2007 முதல் இருந்த 'டேர்ட்டி கவ்' என்னும் பிழை 2016 இலும் வெளியாயின. இவை யாவும் எவரும் படிக்கத்தக்க மூலநிரல் உடையவை. படிக்கத் திறந்திருத்தல் வேறு, படிக்கப்படுதல் வேறு என்பதற்கு இவற்றினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

திருத்தங்களை உடனுக்குடன் நிறுவினாற் போதும் என்பர் சிலர். நிறுவுதல் இன்றியமையாததே, போதியதன்று. மேலாளரின் அதிகாரத்துடன் நாள்தோறும் தானாக இயங்கும் கட்டளைக் கோப்பொன்றை எவரும் திருத்தக்கூடியதாய் விட்டுவைப்பது, கடவுச்சொல்லை மறைப்பின்றி அமைப்புக் கோப்பொன்றில் எழுதிவைப்பது, உரைதொகுப்பி ஒன்றை மேலாளராக இயக்கச் சாதாரணப் பயனருக்கு இசைவளிப்பது ஆகியன செய்நிரல் எழுதியோரின் பிழைகளல்ல. கணனியை நிருவகிப்போரின் பிழைகள். இவற்றுக்குத் திருத்தம் எங்கிருந்தும் வந்து சேராது. கணனியினுள்ளே அமர்ந்து தேடுவோரே இவற்றைக் காண்பர். தேடுகருவிகள் பட்டியல் தரும். பட்டியலிலுள்ளவற்றுள் எது மெய்யான ஆபத்து என்பதை மனிதரே ஆராய்ந்து துணிதல் வேண்டும்.

"உள்ளிருப்போர் நம்மவர்" என்பது மற்றொரு வாதம். மாணவர் ஒருவரின் கடவுச்சொல்லைக் களவாடியவர் கணனியின் கண்ணுக்கு அம்மாணவரே. வாயிற்காவலன் அவரை வணங்கி உள்ளே விடுவான். இத்தகைய சோதனை கள்வருக்கே பாடம் கற்பிக்கும் என்ற வாதமும் நிலைபெறாது. கள்வர் அப்பாடத்தை முன்னரே கற்றுவிட்டனர். கல்லாதிருப்போர் காவலரே. இசைவின்றிப் பிறர் கணனியை அணுகுதல் இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். ஆதலால் எழுத்து மூல இசைவும் வரையறுத்த எல்லையும் சோதனைக்கு முற்படத் தேவை. அவை சோதனையை நெறிப்படுத்துவன. அதனைக் கைவிடுதற்குரிய நியாயங்களல்ல.

எப்பயனருக்கும் எச்செய்நிரலுக்கும் அதன் பணிக்கு வேண்டிய அளவினும் கூடிய அதிகாரம் வழங்கலாகாது என்னும் நெறியைச் சால்ற்சரும் ஷ்றோடரும் 1975 இலேயே வகுத்துரைத்தனர். அந்நெறி உண்மையிற் கடைப்பிடிக்கப்படுகின்றதா என்பதை மதிலுக்கு வெளியே நின்று எவராலும் அறிய முடியாது. உள்ளே சென்று, மிகக் குறைந்த அதிகாரமுடைய பயனரின் இருக்கையில் அமர்ந்து சோதித்தல் வேண்டும். அங்ஙனம் சோதியாது வழங்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ், மதிலுக்குத் தீட்டிய வெள்ளையேயன்றி வேறன்று.