ஆதாரம் தருகிறவரிடம் கட்டணம் கேட்பதா?

கடை வாசலில் சிவப்பு எழுத்துகள் ஓடும் பெயர்ப்பலகையைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், அது ஒரே பலகை அல்ல என்பது தெரியும். தொழிலில் இருப்பவர்கள் பி10 மாட்யூல் என்பார்கள். 320 மில்லிமீட்டர் நீளம், 160 மில்லிமீட்டர் உயரம், அதற்குள் 512 எல்இடி புள்ளிகள். முதுகில் இரண்டு சாக்கெட்டுகள். ஒன்றில் சிக்னல் நுழையும், மற்றொன்றின் வழியே வெளியேறிப் பட்டைக் கேபிளில் அடுத்த மாட்யூலுக்குப் போகும். எத்தனை வேண்டுமோ அத்தனையைக் கோத்துக்கொண்டே போகலாம். சென்னை ரிச்சி தெருவில் இதை விற்பவருக்கும், வாங்கிக்கொண்டு போய் மாட்டித் தருகிற எலக்ட்ரீஷியனுக்கும் இது அன்றாடச் சங்கதி.

காப்புரிமை அலுவலகத்துக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: தரை ஓடு போலப் பக்கத்தில் பக்கத்தில் பதிக்கக்கூடிய மின்னணுக் காட்சி ஓடுகள், ஒவ்வொன்றும் தன் பக்கத்து ஓடு எது என்று தானே கண்டுகொண்டு, முழுப் படத்தில் தன் பங்கை மட்டும் காட்டும். இது கண்டுபிடிப்பா? இருக்கலாம். பக்கத்து ஓட்டை அடையாளம் காணும் முறையில் புதிதாக ஏதேனும் இருந்தால், அந்தப் பகுதிக்கு உரிமை கொடுப்பதுதான் நியாயம். ஆனால் விண்ணப்பத்தின் உரிமைக் கோரல்கள் பெரும்பாலும் அந்தச் சின்னப் பகுதியோடு நிற்பதில்லை. “ஒன்றுக்கு மேற்பட்ட காட்சி அலகுகள், அவற்றை இணைக்கும் தொடர்பு வழி, படத்தைப் பங்கிடும் கட்டுப்பாட்டுக் கருவி” என்று அகலமாக வலை வீசப்படும். அப்படியே உரிமை கிடைத்துவிட்டால் ரிச்சி தெருவில் தொங்குகிற பலகையும் அதற்குள் வந்து விழும். உரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள்.

அந்த வலையை அளந்து வெட்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் ஆய்வாளரின் வேலை. நம் சட்டம் அவர் கையில் நல்ல கருவிகளைக் கொடுத்திருக்கிறது. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தெரிந்த கருவிகளை அடுக்கி வைப்பதும் மாற்றி அடுக்குவதும், ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருக்கும்வரை, கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. காட்சி ஓடுகளுக்கென்றே எழுதியது போன்ற பிரிவு அது. ஏற்கெனவே இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும், அதோடு அந்தத் துறையில் கைதேர்ந்தவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது என்பது இன்னொரு பிரிவு. உச்ச நீதிமன்றமும் வழிகாட்டியிருக்கிறது. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் கருவிக்கு மிர்சாபூர் நிறுவனம் ஒன்று பெற்ற காப்புரிமை 1978இல் ரத்தானபோது, பட்டறையில் அன்றாடம் நடக்கும் சிறு சீர்திருத்தம் வேறு, கண்டுபிடிப்பு வேறு என்று நீதிமன்றம் கோடு போட்டது. அந்த வழக்கு தொடங்கியது 1950களில் என்பதையும் மறக்கக் கூடாது. தவறாகத் தரப்பட்ட ஓர் உரிமையை அகற்ற ஒரு தலைமுறைக்காலம் பிடித்தது.

கருவி இருந்தால் போதாது. எதோடு ஒப்பிட்டு அளப்பது என்ற ஆதாரம் வேண்டும். காட்சி ஓடுகளின் முன்வரலாறு நீளமானது. 1997இல் யூ2 இசைக்குழுவின் பாப்மார்ட் சுற்றுப்பயண மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான எல்இடி திரை நின்றது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் டேவிட் மெரில், ஜீவன் கலாநிதி, பேட்டி மேஸ் ஆகியோர் 2007இல் சிஃப்டபிள்ஸ் என்ற கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிஸ்கட் அளவுக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திரை, நான்கு பக்கமும் அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பக்கத்துக் கட்டையை உணரும் திறன். 2011இல் அது சிஃப்டியோ என்ற பெயரில் விளையாட்டுப் பொருளாகக் கடைக்கும் வந்தது. இவையெல்லாம் தேடினால் கிடைப்பவை. தேடினாலும் எளிதில் கிடைக்காதவை வேறு இருக்கின்றன: கண்காட்சிகளில் கொடுத்த விலைப்பட்டியல்கள், ஷென்சென் தொழிற்சாலைகளின் சீன மொழிக் கையேடுகள், பெட்டிக்குள் மடித்து வைத்த இணைப்பு வரைபடங்கள். காப்புரிமைத் தரவுத்தளத்தில் இவை ஏறுவதில்லை. தொழிலில் இருப்பவரின் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

அந்த இழுப்பறையைத் திறக்க ஆய்வாளருக்கு நேரம் இருக்கிறதா? பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை நிலைமையை ஒளிக்காமல் சொன்னது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர்களும் கட்டுப்பாட்டாளர்களும் சேர்ந்து 860 பேர். சீனாவில் 13,704, அமெரிக்காவில் 8,132. ஆள் எடுக்க வேண்டும் என்று அறிக்கை வற்புறுத்தியது; அரசும் எடுத்தது, அது பாராட்டத் தக்கது. ஆனால் பிறகு வந்த எண்கள் கவலை தருகின்றன. 2022-23இல் வழங்கிய காப்புரிமைகள் 34,134. அடுத்த ஆண்டில் 1,03,057. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. ஒரு வேலைநாளுக்கு 250 என்று அரசு பெருமையோடு அறிவித்தது. தேங்கிக் கிடந்தவை நகர்ந்தது நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை. அமெரிக்காவில் ஓர் ஆய்வாளருக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது சராசரியாக 19 மணி நேரம். பதவி உயர உயர ஒதுக்கப்படும் நேரம் குறைகிறது. நேரம் குறையக் குறைய உரிமை வழங்கும் விகிதம் கூடுகிறது என்று மைக்கேல் ஃப்ரேக்ஸ், மெலிசா வாசர்மன் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். இதில் ஆய்வாளரைக் குறை சொல்வது அநியாயம். அவகாசம் தராமல் நுணுக்கத்தை எதிர்பார்க்கிற ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

சரியாகச் சல்லடை போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்ணெதிரே பார்த்திருக்கிறது. ஒரே கைப்பேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு மதுரையைச் சேர்ந்த ஒருவர் 2002இல் விண்ணப்பித்தார்; 2008இல் உரிமை கிடைத்தது. இரட்டை சிம் கைப்பேசிகள் ஏழை எளியவர் கைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. உரிமையாளர் சுங்கத் துறையிடம் போனார். 2007ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துரிமை இறக்குமதி விதிகளைக் காட்டியதும், வெளிநாட்டிலிருந்து வந்த கைப்பேசிப் பெட்டிகள் நிறுத்தப்பட்டன. ஒரு கைப்பேசி அந்த உரிமையை மீறுகிறதா, உரிமைக் கோரல் எதுவரை நீள்கிறது என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டிய நெருக்கடி சுங்க அதிகாரிகளுக்கு. பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர்களை அமர்த்தி, முன்பே வெளியான ஆவணங்களை எடுத்துக்காட்டி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தில் போராடின. 2012இல் காப்புரிமை ரத்தானது. நடுவில் நான்கு ஆண்டுகள். 2018இல் அந்தச் சுங்க விதிகளிலிருந்து காப்புரிமையையே அரசு எடுத்துவிட்டது.

அந்த மனிதரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமல்ல. விண்ணப்பிப்பது அவர் உரிமை. நம் கேள்வி வேறு. 2012இல் வாரியத்தின் முன் வைக்கப்பட்ட வகை ஆதாரங்கள் 2008க்கு முன்பே ஆய்வாளரின் மேசைக்கு வந்திருந்தால்? பெட்டிகள் துறைமுகத்தில் தேங்கியிருக்காது. விண்ணப்பதாரருக்கும் லாபம்தான்: தாங்காத உரிமையை நம்பி அவர் தன் பணத்தையும் காலத்தையும் செலவழித்திருக்க மாட்டார். காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டதாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை. சட்டத்தின் 13ஆம் பிரிவே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. உத்தரவாதம் தராத அரசு, உரிமை தருமுன் வந்து உண்மை சொல்கிறவரையாவது வரவேற்க வேண்டாமா?

அதற்கான வாசல் நம் சட்டத்தில் இருக்கிறது. 25(1) பிரிவின்படி, விண்ணப்பம் வெளியான பிறகு, உரிமை வழங்கப்படும் முன், “எவரும்” எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை, பாதிக்கப்பட்டவர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த வாசல் வழியாகத்தான் புற்றுநோயாளிகளுக்கான அமைப்பு ஒன்று நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மருந்து விண்ணப்பத்தை எதிர்த்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் அதை நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த முடிவை உறுதி செய்தது. காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் பெடாகுவிலின் மருந்தின் அடுத்தகட்டக் காப்புரிமையை எதிர்த்து 2023இல் வென்றார்கள். மருந்துத் துறை இந்த வாசலின் அருமையை அறிந்திருக்கிறது. மின்னணுத் துறையில், குறிப்பாகச் சிறு வணிகர்களிடம், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தெரியாதவர்களுக்குச் சொல்லி அழைத்து வருவதற்குப் பதிலாக, 2024 மார்ச் 15 அன்று அறிவிக்கப்பட்ட திருத்த விதிகள் வாசலைக் குறுக்கிவிட்டன. அதுவரை இந்த எதிர்ப்பைத் தாக்கல் செய்யும் 7ஏ படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, இப்போது உண்டு. அதோடு, எதிர்ப்பு முதல் பார்வையில் ஏற்கத்தக்கதா என்பதைக் கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவு செய்வார். ஏற்றால்தான் விண்ணப்பதாரருக்கே அறிவிப்புப் போகும். 2023இல் இதன் வரைவு வந்தபோதே நோயாளிகள் அமைப்புகள் எதிர்த்தன. பலனில்லை.

எதிர்ப்பு வாசல் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற அரசுத் தரப்பு வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். பினாமி ஆட்களை வைத்து, ஒன்று முடிந்ததும் இன்னொன்று என எதிர்ப்புகளை அடுக்கி, உரிமை வழங்குவதை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தவர்கள் இருக்கிறார்கள். பம்பாய் உயர் நீதிமன்றமே 2020இல் இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. உண்மையாக உழைத்து ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அந்தத் தாமதம் பெரும் கொடுமை. ஆனால் கட்டணம் யாரைத் தடுக்கும்? பினாமியை அனுப்புகிற நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நின்றுவிடப் போவது கோவையில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். “இதைத்தான் பல வருஷமாகச் செய்கிறோமே, பழைய பில்லும் கையேடும் என்னிடம் இருக்கிறது” என்று சொல்லக்கூடியவர். அவருக்கு இந்த எதிர்ப்பால் ஒரு ரூபாய் வருமானம் இல்லை. பொது நன்மைக்கான வேலை அது. அதற்கு அவரே பணம் கட்ட வேண்டும் என்பது அடிப்படையிலேயே தவறு.

தாமதத்துக்குக் காரணம் ஆதாரம் அல்ல. ஆதாரத்தோடு பிணைந்து வருகிற வழக்காட்டம். 25(1) பிரிவில் எதிர்ப்பவர் விசாரணை கேட்கலாம், பதில், மறுபதில் என்று கோப்பு நீளும். இந்த இரண்டையும் பிரித்துவிட முடியும். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 115ஆம் பிரிவு அதைத்தான் செய்கிறது. விண்ணப்பம் வெளியானதும் யார் வேண்டுமானாலும், பெயர் சொல்லாமலும்கூட, முந்தைய ஆவணங்களைக் காரணத்தோடு அனுப்பலாம். கட்டணம் இல்லை. அனுப்பியவர் வழக்கில் ஒரு தரப்பு ஆகமாட்டார். விசாரணை கேட்கவும் முடியாது. ஆதாரம் ஆய்வாளரிடம் போய்ச் சேரும், அவ்வளவுதான். இழுத்தடிக்க நினைப்பவருக்கு அதில் பிடிமானமே இல்லை. அமெரிக்கா 2007இல் நியூயார்க் சட்டக் கல்லூரியோடு சேர்ந்து பியர்-டு-பேட்டன்ட் என்ற பெயரில் பொதுமக்களை ஆய்வில் பங்கேற்க வைத்துப் பார்த்தது; பிறகு 2012 செப்டம்பர் முதல், மூன்றாம் நபர் ஆவணம் தருவதைச் சட்டப்படியே அனுமதித்தது. அங்கேயும் முதல் மூன்று ஆவணங்களுக்குக் கட்டணம் இல்லை.

இந்தியாவில் இதற்கென்று தனி வழி இல்லை. உடனே ஏற்படுத்த வேண்டும். இணையத்தில் ஒரு பக்கப் படிவம். விண்ணப்ப எண், ஆவணம், அது எந்த உரிமைக் கோரலைத் தொடுகிறது என்று நாலு வரி. அந்த ஆவணத்தைப் பார்த்தாரா, ஏற்றாரா, ஏன் ஏற்கவில்லை என்பதை ஆய்வாளர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் படிவத்தால் பயனில்லை. நீதிமன்ற வாசல் ஏறாத ஒருவர் தன் அறிவைத் தருவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. முழு எதிர்ப்பு மனு விஷயத்திலும் தனிநபர்களுக்கும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் கட்டணத்தை நீக்க வேண்டும். பினாமி என்று நிரூபணமானால், அனுப்பியவரிடம் செலவுத் தொகை வசூலிக்கட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை.

மொழியும் ஒரு தடைதான். காப்புரிமை இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளியாகிறது, இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் விண்ணப்பங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். ரிச்சி தெருவிலும் கோவையிலும் இருக்கிற கைதேர்ந்தவர்களில் பலருக்கு அந்த உரிமைக் கோரல்களின் சட்ட ஆங்கிலம் எட்டாது. கிண்டியில் இருக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகம், தன் எல்லைக்குள் வரும் மாநிலங்களின் மொழிகளில் மின்னணு, இயந்திரத் துறை விண்ணப்பங்களின் சுருக்கத்தை மட்டுமாவது வாரந்தோறும் வெளியிட்டு, தொழில் சங்கங்களுக்கு அனுப்பலாம். சங்கங்களும் யாராவது வந்து தடை வாங்கிய பிறகு வக்கீலைத் தேடுவதை விட்டு, வெள்ளிக்கிழமை இதழைப் படிக்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும்.

கட்டணத்தை நீக்குவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. “எவரும்” என்ற உரிமையைச் சட்டம் கொடுத்தது. கட்டணத்தைச் சேர்த்தது விதி. விதியை மாற்றும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. வர்த்தகம், தொழில் துறை அமைச்சகம் அடுத்த திருத்த வரைவை வெளியிடும்போது முதல் வரியாக இது இருக்க வேண்டும்.