விளக்கு எரிந்தால் வேலை முடிந்ததா?

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். விளக்கின் சுவிட்சை லைவ் கம்பியில் பொருத்த வேண்டும் என்று படித்திருப்பீர்கள். யாரோ ஒருவர் அதை நியூட்ரல் கம்பியில் பொருத்திவிட்டார். இப்போது சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியுமா?

எரியும். அணைத்தால் அணையவும் செய்யும். ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் பிடிப்பானில் 230 வோல்ட் காத்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்ட நம்பிக்கையில் பல்பை மாற்றக் கையை நீட்டுபவருக்கு அது தெரியாது.

மின்சார வேலையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தவறாகச் செய்த வேலையும் சரியாகச் செய்ததைப் போலவே இயங்கும். தண்ணீர்க் குழாயைத் தவறாகப் பொருத்தினால் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பி அப்படியல்ல.

அதனால்தான் சிங்கப்பூரில் கடை, உணவகம், அலுவலகம் எங்கும் மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்னியல் ஊழியர்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உரிமத்தை எரிசக்திச் சந்தை ஆணையம் வழங்குகிறது. அதில் மூன்று நிலைகள் உண்டு. 1,000 வோல்ட்டுக்கு உட்பட்ட வேலைகளில், எலக்ட்ரிஷியன் 45 கேவிஏ வரையிலும், தொழில்நுட்பர் 150 கேவிஏ வரையிலும் நிறுவும் பணியை ஏற்கலாம். அதற்கு மேற்பட்ட சுமைக்குப் பொறியாளர் வேண்டும்.

45 கேவிஏ என்றால் எவ்வளவு? 40 ஆம்பியர் மெயின் சுவிட்ச் உள்ள ஒரு வீவக வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 40-ஆல் பெருக்கினால் 9.2 கேவிஏ. அப்படிப்பட்ட ஐந்து வீடுகள் ஒரே நேரத்தில் உச்ச அளவில் மின்சாரம் எடுப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். அடுப்பு, குளிர்பதன அறை, குளிரூட்டி எல்லாம் உள்ள நடுத்தர உணவகம் இந்த எல்லையைத் தாண்டுவது அரிதல்ல. தாண்டினால் அந்த இடத்துக்கே தனியாக ஓர் உரிமம் எடுக்க வேண்டும்; மின் கட்டமைப்பைப் பார்த்துக்கொள்ள உரிமம் பெற்ற ஊழியர் ஒருவரைப் பொறுப்பில் வைத்திருக்கவும் வேண்டும்.

“காணொளி பார்த்தே கற்றுக்கொள்ளலாமே, இதற்கு எதற்கு உரிமம்?” என்று வகுப்பில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கம்பியை உறித்து முனையில் திருகுவதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் திருகு சற்றே தளர்ந்திருந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த இணைப்பில் வெறும் 0.5 ஓம் மின்தடை. அதன் வழியே 13 ஆம்பியர் ஓடுகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள்: 169 பெருக்கல் 0.5, அதாவது 84.5 வாட். விரல் நகத்தின் அளவுள்ள இடத்தில் அவ்வளவு வெப்பம்! மின்னழுத்தம் 6.5 வோல்ட்தான் குறையும். அடுப்பு எப்போதும்போல் சூடாகும், ஒருவரும் கவனிக்கமாட்டார். சர்க்கிட் பிரேக்கரும் விழாது, ஏனென்றால் மின்னோட்டம் அளவை மீறவில்லை. ஆர்சிசிபி எனும் கசிவுத் துண்டிப்பானும் விழாது, ஏனென்றால் கசிவே இல்லை. நாம் நம்பியிருக்கும் இரண்டு காவலர்களும் விழித்திருக்க, நடுவே பிளாஸ்டிக் உருகிக்கொண்டிருக்கும். வீட்டில் அடுப்பு ஒரு மணி நேரம் எரியும். கடையிலோ நாள் முழுவதும்.

ஆகவே பொருத்துவது ஒரு திறன், சோதிப்பது இன்னொரு திறன். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடினமானது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எர்த் கம்பி கடைசிச் சாக்கெட் வரை அறுபடாமல் போகிறதா என்று அளக்க வேண்டும். பிறகு 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்துக் காப்புறையின் மின்தடையைப் பார்க்க வேண்டும். அது குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதும் இங்கேதான் தெரியவரும். நாம் முதலில் பார்த்த விளக்கு இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

ஆர்சிசிபியில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, சட்டென்று விழுந்தால் “எல்லாம் சரி” என்று பலர் திருப்தி அடைகிறார்கள். பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு சமனின்மையை உண்டாக்குகிறது, அவ்வளவே. எர்த் கம்பி எங்கோ அறுந்திருந்தாலும் அது விழும். எத்தனை மில்லிவினாடியில் விழுகிறது என்பதையும் அது சொல்லாது. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு 300 மில்லிவினாடிக்குள் விழ வேண்டும் என்பது தரநிலை. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும், வந்த எண்ணைப் புரிந்துகொள்ளும் ஆளும் வேண்டும். ஈரமான உடலின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் உடல் வழியே ஓடக்கூடியது 230 மில்லிஆம்பியர். இதயத்துக்கு அது பேராபத்து.

உரிமம் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். அளக்காமலேயே படிவத்தில் எண்களை நிரப்பிக் கையெழுத்துப் போடுபவர் உரிமம் இல்லாதவரைவிட ஆபத்தானவர், ஏனென்றால் அவருடைய கையெழுத்தை மற்றவர்கள் நம்புகிறார்கள். இருந்தாலும், கையெழுத்துப் போட்டவரைத் தேடிப்போய்க் கேள்வி கேட்க முடியும். உரிமமே இல்லாமல் மலிவாகச் செய்துவிட்டுப் போனவரை எங்கே தேடுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “படிக்காவிட்டால் வயர்மேன் வேலைக்குத்தான் போகணும்” என்று சில பெற்றோர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது எரிச்சலூட்டும் பேச்சு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ மின்னியல் படித்து, வேலை அனுபவம் பெற்று, அதற்குப் பிறகு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், ஓமின் விதியைத் தேர்வுத்தாளில் எழுதியதோடு நிற்கவில்லை. நூறு பேர் சாப்பிடும் உணவகத்தில் அதைப் பிரயோகித்து, “இது பாதுகாப்பானது” என்று தம் பெயரில் எழுதித் தருகிறார். உங்களில் சிலருக்கு அந்த வேலை மிகப் பொருத்தமாக இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்குக் கடை இருக்கலாம். பள்ளி விடுமுறையில் நீங்களே ஓர் உணவகத்தில் பகுதிநேர வேலை பார்க்கலாம். எஃகு மேசையையோ குளிர்பதனப் பெட்டியையோ தொட்டால் லேசாகச் சுரீரென்று இருந்தால், “ஈரக்கை, அப்படித்தான் இருக்கும்” என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மறுபடியும் தொடாதீர்கள், மேலாளரிடம் சொல்லுங்கள். கடையைப் புதுப்பிக்கும்போது அப்பாவிடமோ அம்மாவிடமோ, கம்பி வேலை செய்ய வருபவரின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் அவர் உரிமம் பெற்றவரா என்று பார்க்கலாம். இரண்டு நிமிட வேலைதான். வேலை முடிந்ததும் சோதனை முடிவுகளை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளில் உள்ள ஓம், மெகாஓம், மில்லிவினாடி எல்லாம் நீங்கள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவையே.