பெயிண்ட் சைக்கிளும் என் சைக்கிளும்

சித்தூர் மாவட்டத்தில் எங்கள் குடிபாலாப் பக்கம் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. சுவர் கிடைத்த இடமெல்லாம் மஞ்சளில் ஒரு சைக்கிள் நிற்கிறது. தெலுங்கு தேசத்தின் சின்னம். 1982-இல் என்.டி.ஆர். தொடங்கிய கட்சி. 2024-இல் மறுபடியும் சைக்கிள்தான் ஆட்சிக்கு வந்தது. காற்றடித்த டயரோடு நிஜ சைக்கிளை ரோட்டில் இறக்கிப் பாருங்கள், அதற்கு மட்டும் இடம் கிடையாது.

ஐம்பது தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் பேச்சைக் கேட்டு கியர் சைக்கிள் வாங்கினேன். முதல் நாளே டீக்கடையில், "ஏண்ணா, பைக்கை வித்துட்டியா?" என்று துக்கம் விசாரித்தார்கள். காற்றடிக்கப் போனால், பஞ்சர் கடைப் பையன் டியூபின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த ஒல்லி வால்வுக்கு நம்ம பம்பு பிடிக்காதுண்ணா. வேலூர் போய்ப் பாரு." காற்றில்லாத சைக்கிளில் வேலூர் போவது எப்படி என்பதை அவன் சொல்லவில்லை.

சரி, சுற்றிலும் மலை இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. கண்ணுக்கு எட்டினது காலுக்கு எட்டவில்லை.

சித்தூர், பங்காருபாளையம் தாண்டினால் மொகிலி காட். சித்தூரின் உயரம் 300 மீட்டர் சொச்சம், பலமநேர் 650-க்கும் மேலே. தொடை கெஞ்ச, மூச்சு இரைக்க, ஆசை தீர மிதிக்கலாம். ஆனால் அது பெங்களூர் லாரிகளின் ராஜபாட்டை. 2024 செப்டம்பரில் பஸ்ஸும் லாரியும் மோதிப் பல உயிர் போன இடம். எரிந்த பிரேக் வாசனையில் எந்த டாக்டர் மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்வார்? தப்பி மேலே போனால் கௌண்டின்யா காட்டு யானைகள். யானைக்காவது சரணாலயம் என்று ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள்.

மாம்பழக் காலத்தில் ரோட்டோரமும் மிஞ்சாது. கூழ் ஃபேக்டரி வாசலில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். விவசாயி பாவம், ராத்திரி பகலாகக் காத்துக் கிடக்கிறான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வெள்ளைக்கோட்டைத் தாண்டி உள்ளே ஒதுங்கினால் முதுகிலேயே ஹாரன்.

பெங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ்வே வேறு எங்கள் மண்டலத்தைப் பிளந்துகொண்டு போகிறது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். பங்காருபாளையம்–குடிபாலா, குடிபாலா–வாலாஜாபேட்டை என்று ஒப்பந்தத்திலேயே ஊர்ப்பேர் இருக்கிறது. பேர் இருப்பதால் உள்ளே விடுவார்கள் என்று நம்பினால் நான்தான் ஏமாளி. பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எதற்கும் அனுமதியில்லை. மோட்டாரே இல்லாத வண்டிகளும் அந்தப் பட்டியலில்தான்.

திருமலையைப் பாருங்கள். நடக்கிறவர்களுக்கு அலிபிரியிலிருந்து 3,550 படி, தலைக்கு மேல் கூரை. மோட்டார் வண்டிக்கு 1944-இல் ஒரு மலைப்பாதை, 1974-இல் இன்னொன்று. ஏற ஒன்று, இறங்க ஒன்று. காலால் மிதித்துச் சக்கரத்தில் போகிற நான் இதில் எந்தக் கணக்கு?

தமிழ்நாட்டுப் பக்கம் போனால் ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரையெல்லாம் வைத்திருக்கிறார்கள். பாரி பெயரைப் பார்த்தால் எனக்கும் ஒரு தேர் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். சென்னைக்காரர்கள் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து, ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். இங்கிருந்து அடிவாரம் போய்ச் சேரவே நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். வீட்டில் புலம்பினால், "சைக்கிள் ஓட்டணும்னா முதல்ல காரு வாங்குங்க" என்கிறாள் என் மனைவி.

நேற்று டீக்கடைக்குப் போனவன் அந்த மஞ்சள் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். உள்ளேயிருந்து ஒருத்தர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணா, வண்டியை எடுண்ணா. சைக்கிள் பெயிண்ட் உரிஞ்சுடும்!"