ஒரு மோட்டார் சைக்கிள், இரு சகோதரர்கள்



அன்புச் சகோதரிகளே!

ஹட்டன் பகுதியிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் மௌத்தாகிவிட்டார். மூத்த மகன் புடவை மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வியாபாரம் செய்கிறார். கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் வசூலிக்கிறார். குடும்பம் நடப்பது அதில்தான். இளைய மகன் கண்டியில் படிக்கிறார். வார இறுதியில் அதே மோட்டார் சைக்கிள் அவர் கைக்குப் போகிறது. செயினும் பல்சக்கரங்களும் தேய்ந்து இப்போது புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்துப் போட வேண்டும் என்கிறார் மூத்தவர். ஒரு பல்லைக் கூட்டிப் போட வேண்டும் என்கிறார் இளையவர். வீட்டில் மூன்று நாட்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. "யார் சொல்வது நியாயம்? இது இஸ்ராஃப் ஆகாதா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

கராஜில் கேட்க வேண்டிய கேள்வி இங்கே ஏன் என்று நினைக்க வேண்டாம். இரு சகோதரர்கள் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் பரக்கத் எப்படித் தங்கும்? நியாயம் சொல்வதற்கு முன் விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே அதை முதலில் பார்ப்போம்.

உங்கள் வீட்டுக் கால்மிதி தையல் மெஷினைப் பாருங்கள். கீழே பெரிய சக்கரம், மேலே சிறிய சக்கரம். கீழ்ச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மேலே உள்ளது பல சுற்றுச் சுற்றும். வேகம் கூடும், விசை குறையும். மோட்டார் சைக்கிளில் இது தலைகீழ். எஞ்சின் பக்கம் சிறிய பல்சக்கரம், பின் டயரோடு பெரிய பல்சக்கரம். இங்கே வேகம் குறையும், இழுக்கும் விசை கூடும்.

உதாரணமாக முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் மூன்று முறை சுற்றினால் பின் டயர் ஒரு முறை சுற்றும். மூத்தவர் சொல்வது போல முன்னால் 13 போட்டால் கணக்கு 3.23 ஆகிறது. இழுவை ஏறக்குறைய 8 வீதம் கூடும். இளையவர் சொல்வது போல 15 போட்டால் 2.8 ஆகிறது. இழுவை ஏறக்குறைய 7 வீதம் குறையும். மேல் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 முறை சுற்றுவதாகக் கொண்டால், 13 பல்லில் அதே வேகத்திற்கு 5,385 முறை சுற்ற வேண்டும். 15 பல்லில் 4,667 முறை போதும். முதலாவதில் வண்டி சட்டென்று கிளம்பும், ஏற்றத்தில் ஏறும். ஆனால் நேர்ப் பாதையில் எஞ்சின் இரையும், பெற்றோல் கூடப் பிடிக்கும். இரண்டாவதில் நேர்ப் பாதையில் எஞ்சின் அமைதியாக ஓடும். ஏற்றத்தில் திணறும். ஒன்றைப் பெற்றால் இன்னொன்றைக் கொடுக்கத்தான் வேண்டும். ஸூரத்துர் ரஹ்மானில் அல்லாஹ் மீஸானை, அதாவது தராசை நினைவூட்டுகின்றான். அந்தத் தராசு இந்தப் பல்சக்கரத்திலும் இருக்கிறது.

இந்தக் கலை நம் முன்னோருக்குப் புதியதல்ல. இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிரில் வாழ்ந்த அல்ஜஸரீ என்ற முஸ்லிம் பொறியியலாளர், கி.பி. 1206 இல் அரபு மொழியில் எழுதி முடித்த நூலில், பல்சக்கரங்களைக் கொண்டு தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்.

மலைநாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலும், ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. மேலே போகப் போகக் காற்று மெல்லியதாகிறது. நுவரெலியாவில் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று, கொழும்பில் கிடைப்பதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே அதன் பலமும் அந்த அளவுக்குக் குறைகிறது. அந்தக் குறைந்த பலத்தோடுதான் மூத்தவர் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லயங்களுக்கு ஏறுகிறார்.

இனித் தீர்ப்புக்கு வருவோம். மூத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மூட்டையோடு ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுக்கும்போது, முதல் கியரில் வண்டி இழுக்கிறதா? கிளட்சைப் பாதி பிடித்து, கருகல் மணம் வரும் வரை முறுக்க வேண்டியிருக்கிறதா? முதல் கியர் தாராளமாக இழுக்கிறது என்றால் மாற்றம் தேவையில்லை. கியர் இருப்பதே அதற்குத்தான். இழுக்கவில்லை என்றால் எயார் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, டயரில் காற்றுக் குறைவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தும் திணறினால் 13 பல் போடுவது தேவை. தேவைக்குச் செலவழிப்பது இஸ்ராஃப் ஆகாது. எப்படியும் தேய்ந்த செட்டை மாற்றத்தானே போகிறீர்கள்? செயினையும் இரு சக்கரங்களையும் ஒன்றாகவே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் விரைவில் தேய்ந்துவிடும்.

இளையவருக்கு இதில் என்ன நட்டம்? எஞ்சின் முன்பு போலவே சுற்றினால், 60 இல் போன இடத்தில் ஏறக்குறைய 56 இல் போவார். கினிகத்தேனை வளைவுகளில் மேல் கியரில் முழு வேகத்தில் போக முடியுமா? சில நிமிடங்கள் தாமதிப்பார், அவ்வளவுதான். வயலும் நேர்ப் பாதையும் உள்ள ஊரில் வாழ்ந்தால் அவர் சொல்வது சரி. பெற்றோல் மிச்சமாகும் என்று அவர் கூறுவதும் நேர்ப் பாதைக்குப் பொருந்தும். 2022 இல் கியூஆர் முறையில் வாரம் 4 லீற்றர் மட்டும் கிடைத்த காலத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால் 15 பல்லோடு மலை ஏறினால் எப்போதும் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டிவரும். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

நிய்யத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பல் குறைந்தால் வண்டி பாய்ந்து கிளம்பும் என்பதற்காகவே அதை மாற்றி, நண்பர்களோடு போட்டி ஓடும் வாலிபர்களும் உண்டு. அதே இரும்பு, அதே கணக்கு. ஒருவருக்கு அது ஹலாலான ரிஸ்க்கைத் தேடும் வழி. மற்றவருக்கு உயிரோடு விளையாட்டு.

இறக்கத்திலும் இதற்கு வேலை இருக்கிறது. பல் குறைந்த வண்டியை இறக்கத்தில் எஞ்சினே நன்றாகப் பிடித்து வைக்கும். பிரேக்குக்குச் சுமை குறையும். பெற்றோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறங்குவோர் இதை யோசிக்க வேண்டும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் சரிவில், கட்டுப்பாட்டை இழந்த பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் உயிரிழந்ததை நம் மலைநாடு மறக்காது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இறக்கத்தில் கியரில் இறங்குவதுதான் ஒட்டகத்தைக் கட்டுவது.

கடைசியாக, சகோதரிகளே, உங்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதற்குப் பதிலாகப் பின்னால் மூன்று பல்லைக் கூட்டி 45 போட்டாலும் ஏறக்குறைய அதே பலன்தான். ஆனால் பெரிய சக்கரம் செயின் கவரில் உரசலாம். அப்போது கவரையே கழற்றி விட்டுவிடுவோர் உண்டு. பின்னால் அமரும் பெண்ணின் அபாயாவும் சாரி முந்தானையும், சிறு பிள்ளையின் காலும் அந்தத் திறந்த செயினில் சிக்கினால் என்ன ஆகும்! வண்டி கராஜிலிருந்து வந்ததும் செயின் கவர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லாவிட்டால் ஏறாதீர்கள். இருந்தாலும் ஏறுமுன் அபாயாவைச் சுருட்டி மடியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதிய தாயே! இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து மஷூரா செய்யுங்கள். குடும்பத்தின் சோறு எந்தப் பாதையில் ஏறி வருகிறதோ அந்தப் பாதைக்கு ஏற்றபடி பல் அமையட்டும். நானா தனக்காக அல்ல, வீட்டுக்காகக் கேட்கிறார் என்பதைத் தம்பி விளங்கட்டும். தம்பியின் படிப்புக்கும் அந்த வண்டிதான் உதவுகிறது என்பதை நானாவும் மறக்காதிருக்கட்டும். பேசாமலிருந்த நாட்கள் மூன்றோடு முடியட்டும். இன்று யார் முந்தி ஸலாம் சொல்கிறாரோ அவரே சிறந்தவர்.

வல்ல நாயன் உங்கள் பிள்ளைகளைப் போகும் பாதையிலும் திரும்பும் பாதையிலும் பாதுகாப்பானாக! ஆமீன்.