வாசிச்சது யாருல?

போன வாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் நாங்கள் ஐந்து பேர். கடைக்காரர் 'இளைய நிலா' போட்டிருந்தார். அந்தக் கிடார் ஆரம்பித்ததும் ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பாட்டு முடிந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஏல, இதுல கிடார் வாசிச்சது யாருல?" என்று கேட்டேன்.

"இளையராஜா" என்றான் ஒருத்தன். அவர் மியூசிக் போட்டவர். "எஸ்.பி.பி.?" அவர் பாடியவர். இன்னொருத்தன் சத்தமாக "மைக் மோகன்!" என்றான். டீ மூக்கில் ஏறும் வரை சிரித்தோம்.

படம் 'பயணங்கள் முடிவதில்லை', 1982. பாட்டு எழுதியவர் வைரமுத்து. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசித்தவர் ஆர்.சந்திரசேகர் என்பது மட்டும் தெரியவில்லை. எனக்கே போன வருடம்தான் தெரியும். 40 வருடத்துக்கு மேலாக, கையில் கிடார் கிடைத்த பையன்கள் எல்லாம் தடவிப் பார்க்கிற இசை அது. அதை வாசித்தவருக்கு எங்கள் டீக்கடையில் கிடைத்த மரியாதை ஒரு ஜோக்.

சிரிக்காமல் இருந்தவன் ஒரே ஒருத்தன். அவன் கிடார் வாசிப்பவன். ஆடித்தபசு சீசனில் கச்சேரிக் குழுக்களோடு ஊர் ஊராகப் போவான். பக்திப் பாட்டு, மெலடி, குத்து எல்லாம் வாசிப்பான். ரூமுக்கு வந்துவிட்டால் ராக் மட்டும்தான். கச்சேரியில் சேர்த்த காசில் சொந்தமாக நாலு ட்ராக் பதிவு செய்து சொந்தப் பெயரில் வெளியிடப் போகிறேன் என்கிறான். அதற்கு எங்கள் கூட்டம் சொன்ன அட்வைஸ்: "எதுக்குல வீண் செலவு? மெட்ராஸ் போய் சினிமாவுல வாசி."

இந்தப் பதிவு அந்த அட்வைஸுக்கு எதிரானது. பி.காம். படிக்கிறவன் என்பதால் கணக்கு வழியாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். பாவும் நூலும் முதலாளி கொடுப்பார், தறிக்காரர் நெய்து கொடுப்பார், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் சேலை பிறகு எத்தனை மடங்கு விலைக்குப் போனாலும் தறிக்காரருக்கு அதில் பங்கில்லை. சேலையில் அவர் பெயரும் இருக்காது. சினிமா ரெக்கார்டிங்குக்கு வாசிப்பதும் இதே கூலி நெசவுதான். போனார், வாசித்தார், சம்பளம் வாங்கினார், முடிந்தது. பாட்டு 40 வருடம் ஓடினாலும் அவர் கணக்கில் வரவு அந்த ஒரு நாளோடு சரி. கூலிக்கு நெய்வது கேவலம் என்று சொல்லவில்லை, எங்கள் ஊரே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் ஒருத்தன் சொந்தமாக நூல் வாங்கி சொந்தத் தறியில் நெய்கிறேன் என்று கிளம்பினால், அவனைப் பார்த்து "வீண் செலவு" என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அது செலவே இல்லை, முதலீடு. நம் காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டு அதைச் செய்கிறவர்தான் தயாரிப்பாளர். அந்தப் பதிவின் உரிமை அவருக்கு. வெளியாகி 60 வருடம் வரை அது செல்லும். கூலி வாங்கினால் வருமானம், அந்த மாதமே கரைந்துவிடும். சொந்தமாகப் பதிவு செய்தால் சொத்து, பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும். இந்த வித்தியாசம் தெரியாமலா நாம் மூன்று வருடம் அக்கவுண்ட்ஸ் படிக்கிறோம்?

இன்னொரு விஷயம் கேளுங்கள், எனக்குக் கோபம் வந்ததே இங்கேதான். 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜாவேத் அக்தர் ராஜ்ய சபாவில் நின்று போராடிய திருத்தம். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை உறுதியானது. பாடகர் போன்ற 'நிகழ்த்துபவர்'களுக்கும் பங்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே திருத்தத்தில் ஒரு சின்ன விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. சினிமாவில் ஒருவருடைய பங்கு ஏதோ இடையில் வந்து போகிற மாதிரி இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கேயும் போடப்படாவிட்டால், அவர் நிகழ்த்துபவராகக் கருதப்பட மாட்டார். தன் வாசிப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும்தான் மிச்சம்.

புரிகிறதா? பெயர் போடாமல் விடுவது இவர்கள் வழக்கம். அந்த வழக்கத்தையே காரணம் காட்டி, பங்கு இல்லை என்று சொல்ல சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு பாட்டையே தூக்கி நிறுத்துகிற கிடார் எப்படி "இடையில் வந்து போவது" ஆகும் என்று வாதாடலாம்தான். தினக்கூலிக்கு வாசிக்கிறவர் எந்தக் கோர்ட்டில், எத்தனை வருடம், யார் காசில் வாதாடுவார்? 2013ல் பாடகர்கள் தங்கள் உரிமைக்காகத் தொடங்கிய சங்கம், பின்னால் வாத்தியக் கலைஞர்களையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. சந்தோஷம். ஆனால் பெயரே இல்லாதவர் எதைக் காட்டிப் பங்கு கேட்பார்?

ஆகவே பெயர் என்பது இங்கே வெறும் விளம்பர ஆசை இல்லை. சட்டத்தின் முன்னால் ஆளாக நிற்பதற்கே பெயர் வேண்டியிருக்கிறது.

"இதெல்லாம் யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?" என்று கேட்பீர்கள். காட்டியிருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் பிறந்தவர் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர். வயலின் மேதை அ.கன்யாகுமரியிடம் கர்நாடக இசை கற்றவர், பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். கீர்த்தனையும் வாசிப்பார், ராக்கும் வாசிப்பார், ஜாஸும் வாசிப்பார். இளையராஜாவுக்கும் ரஹ்மானுக்கும் வாசித்தவர். அதோடு நின்றிருந்தால் அவரும் இன்னொரு "யாரோ வாசிச்சாங்க" ஆகியிருப்பார். நிற்கவில்லை. 2006ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஓர் ஆல்பம் போட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968 ஆல்பமான 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்'டின் பெயரில் பிள்ளையாரைக் கொண்டுபோய் உட்காரவைத்த துணிச்சல் அது. ராக் கிடாரோடு நம் தாள வாத்தியங்களும் சேர்ந்து போகும். கேட்டுப் பாருங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் பைஜு தர்மஜனும் இருக்கிறார். கேரளத்து மதர்ஜேன் பேண்டின் கிடாரிஸ்ட். 2008ல் வந்த அவர்களுடைய 'மக்தூப்' ஆல்பத்தில் கர்நாடக இசையின் கமகம் அப்படியே ராக் கிடாரில் வழியும். பிறகு பேண்டை விட்டு வெளியே வந்து சொந்தப் பெயரில் இசை செய்தார்.

நாம் இவர்களை எப்படிக் கொண்டாடினோம் என்பதற்கு ஒரு சாம்பிள். 2009 பிப்ரவரியில் ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய இரவு தமிழ்நாட்டுக்கே தெரியும். அதே இரவில் 'ஸ்மைல் பிங்கி' என்ற படமும் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்துக்கு இசை பிரசன்னா. விருது படத்துக்குத்தான், இசைக்கு இல்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரே மேடையில் இரண்டு தமிழர்களின் இசை தொடர்புடைய இரவு அது. எங்கள் வகுப்பில் 60 பேரிடம் கேட்டேன். பிரசன்னா என்றதும் எல்லோரும் சொன்னது நடிகரை. :)

இனி வழக்கமான ஆட்சேபணைகள்.

ஒன்று: "கிடார் நம்ம வாத்தியமே இல்லையே." வயலின் மட்டும் நம் வயலில் விளைந்ததா? 19ஆம் நூற்றாண்டில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று அது இல்லாமல் சபாவில் கச்சேரி நடக்குமா? மாண்டலின் ஸ்ரீனிவாசும் சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்தும் நம் கண் முன்னால் வாழ்ந்து மறைந்தவர்கள். வாசிக்கிற விரலைப் பொறுத்துத்தான் வாத்தியத்துக்கு ஊர்.

இரண்டு: "அதான் நெட்டில் யார் வேண்டுமானாலும் பாட்டுப் போடலாமே, அப்புறம் என்ன புலம்பல்?" போடலாம். யார் கேட்பது? 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி. முந்தைய 12 மாதத்தில் 1000 முறைகூட ஒலிக்காத ட்ராக்குக்கு ஒலிப்பதிவு ராயல்டி ஒரு பைசா கிடையாது. சினிமா பாட்டுக்கு 1000 என்பது தூசு. புதிதாக வருகிற கிடாரிஸ்டுக்கு 1000 என்பது மலை. கதவு திறந்திருக்கிறது, வாசல்படியை மட்டும் ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டார்கள்.

மூன்று: "நல்லா இருந்தா தானா ஓடும்." இதுதான் பெரிய பொய். 'இளைய நிலா' கிடார் நன்றாகத்தானே இருக்கிறது? ஓடத்தானே செய்கிறது? ஓடியது பாட்டு, பெயர் ஓடவில்லையே.

சட்டத்தையும் கம்பெனிகளையும் திட்டிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் நானும் யோக்கியன் இல்லை. என் போனில் இருக்கிற பாட்டில் பாதி டெலிகிராமில் இறக்கியது. 150 ரூபாய் டிக்கெட்டை யோசிக்காமல் எடுப்பேன், ஒரு தனி ஆல்பத்துக்கு 100 ரூபாய் என்றால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பேன். டீக்கடையில் "மைக் மோகன்" ஜோக்குக்கு முதலில் சிரித்தவனும் நான்தான். இந்தப் பதிவு நண்பர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

அவன் அடுத்த மாதம் முதல் ட்ராக் போடுகிறான். ஓடுமா என்று தெரியாது. அந்த நாலு ட்ராக்கும் ஹிட் ஆக வேண்டும் என்றும் இல்லை, சுமாராக இருந்தால் சுமார் என்றே அவன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். ஆனால் வகுப்பில் இருக்கிற 60 பேரும் ஆளுக்கு 17 தடவை கேட்டாலே 1000 தாண்டிவிடும். கால்குலேட்டர் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் காசுகூட வேண்டாம். அடுத்த தடவை ஒரு பாட்டை ஸ்டேட்டஸில் வைக்கும்போது, அதில் வாசித்தவர் ஒருவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துக் கூடவே போடுங்கள். நான் ஆர்.சந்திரசேகரில் ஆரம்பித்துவிட்டேன்.